‘ஃபெதர்’ – இறகு, செட்டை, பேனா, பத்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள், படிப்பிக்கிற ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், கராஜிலும் ஸ்டூடியோவிலும் வேலை செய்பவர்கள் ‘ஃபெதர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். வரிசையாக வாசிக்க வேண்டும் என்றில்லை.

‘ஃபெதர்’ என்றால் நேரான தமிழ் எது?

இறகு. நிலத்தில் கிடக்கும் கொக்கின் இறகு ஒன்றைப் பொறுக்கிக் கையில் வைத்திருந்தால், அதுதான் ‘ஃபெதர்’. பறவையின் உடம்பில் இருக்கும்போதும் அதே பெயர்தான், பன்மையில் ‘ஃபெதர்ஸ்’. ஆனால் இந்தச் சொல் பறவையோடு நிற்பதில்லை. கல்லுடைக்கிறவர், பெயின்ட் அடிக்கிறவர், படகு வலிக்கிறவர், விமானி, கணினியில் படம் வெட்டுகிறவர் எல்லோரும் ஆளுக்கொரு பொருளில் இதைச் சொல்கிறார்கள். அந்த இடங்களில் ‘இறகு’ என்று மொழிபெயர்த்தால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

‘த பேர்ட் ஹாஸ் டூ ஃபெதர்ஸ்’ என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். இந்தப் பிழை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பிழையின் வேர் நம் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. ‘கோழி செட்டை அடிக்குது’ என்கிறோம், அங்கே செட்டை என்றால் பறக்கும் உறுப்பு, ஆங்கிலத்தில் ‘விங்’. மீனை வெட்டும்போது ‘செட்டையை அரி’ என்கிறோம், அது ‘ஃபின்’. எழுத்துத் தமிழுக்கு வந்தால் ‘இறக்கை’ முழு உறுப்பு, ‘இறகு’ அதிலுள்ள ஒற்றைத் துண்டு. ‘சிறகு’ என்ற சொல்லோ இரண்டு பக்கமும் போய் வரும். இத்தனையும் தலைக்குள் இருக்கிற பிள்ளை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘விங்’ எழுத வேண்டிய இடத்தில் ‘ஃபெதர்’ போட்டுவிடுகிறது.

வகுப்பில் திருத்த ஒரு சுலபமான வழி, எண்ணச் சொல்வது. ஒரு கோழிக்கு ‘விங்’ இரண்டு. ‘ஃபெதர்’ ஆயிரக்கணக்கில். பிடுங்க முடிந்தால் ‘ஃபெதர்’, அடிக்க முடிந்தால் ‘விங்’. பறவையின் உடம்பை மூடியிருக்கும் இறகு முழுவதையும் சேர்த்துச் சொல்ல ‘பிளூமேஜ்’ என்று ஒரு சொல் உண்டு. அதற்குப் பன்மை போடுவதில்லை. ‘த பீகொக்ஸ் ஃபெதர் இஸ் பியூட்டிஃபுல்’ என்று ஒருமையில் எழுதினால், ஒற்றை இறகைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று பொருளாகும். முழு மயிலைச் சொல்வதானால் ‘ஃபெதர்ஸ் ஆர்’ என்றோ ‘பிளூமேஜ் இஸ்’ என்றோ எழுத வேண்டும்.

இன்னொன்று. ஆயிரம் வருடத்துக்கு முன் எழுதியிருந்தால் இந்தப் பிள்ளைக்குப் புள்ளி கிடைத்திருக்கும். பழைய ஆங்கிலத்தில் இதே சொல்லின் பன்மைக்கு ‘இறக்கைகள்’ என்றும் பொருள் இருந்தது. ‘விங்’ பிறகு வந்தது. வைக்கிங் மக்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியின் ‘வேங்ர்’ இங்கிலாந்துக்குள் புகுந்து, உறுப்பின் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. ‘ஃபெதர்’ ஒற்றை இறகோடு ஒதுங்கிவிட்டது.

எப்படி உச்சரிப்பது? எழுத்துக்கூட்டுவது?

நடுவிலுள்ள ஒலி ‘அது’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய ‘து’ போன்றது. நாக்கு நுனி மேற்பல்லின் ஓரத்தில் லேசாகப் படவேண்டும். ‘ஃபெட்டர்’ என்று அழுத்தினால் அது வேறு சொல், விலங்கு பூட்டுவது. முதல் உயிர் குறில். நீட்டினால் ‘ஃபாதர்’ ஆகிவிடும் என்று பயப்படத் தேவையில்லை, ஆனால் ‘ஃபேதர்’ என்று இழுப்பதும் தவறு. எழுத்தில் ‘ஈ’யும் ‘ஏ’யும் அடுத்தடுத்து வந்தாலும் ஒலி ‘எ’ மட்டுமே. ‘வெதர்’ (காலநிலை), ‘லெதர்’ (தோல்), ‘ஹெட்’, ‘பிரெட்’ எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். ஐந்தையும் ஒன்றாக எழுதிப் பழகினால் மறக்காது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலம் இதை யாரிடமும் கடன் வாங்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஃபெதெர்’. ஜெர்மன் மொழியில் ‘ஃபேடர்’. டச்சில் ‘வேடர்’, அது தேய்ந்து ‘வேர்’. எல்லாம் ஜெர்மானிய மொழிகளின் பொதுச் சொத்து. அதற்கும் பின்னே போனால், ஜெர்மானிய மொழிகளுக்கும் இலத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதத்துக்கும் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ‘பெத்’ என்ற வேர். பறத்தல், பாய்தல், விழுதல் என்பதெல்லாம் அதன் பொருள்.

‘ப’வில் தொடங்கிய சொல் ‘ஃப’வுக்கு மாறியது எப்படி என்பது அடுத்த கேள்வியாக வரும். தற்செயலாக அல்ல, ஒழுங்காக மாறியது. மூலமொழியில் ‘ப’ இருந்த இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ‘ஃப’ வரும். இதைச் சோதிக்க நமக்கு வெளியே போகத் தேவையில்லை. தமிழில் புழங்கும் வடசொற்களே போதும். பிதா – ஃபாதர். பாதம் – ஃபுட். பஞ்ச – ஃபைவ். இதே ஒழுங்கில் ‘த’வும் நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் ஒலியாக மாறியது: திரிசூலத்தின் ‘திரி’யும் ஆங்கில ‘த்ரீ’யும் அப்படி. ‘பெத்’ என்பதில் இரண்டு எழுத்தையும் மாற்றிப் பாருங்கள், ‘ஃபெத்’ வந்துவிடும். ஜெர்மன் அறிஞர் யாக்கொப் கிரிம் 1822இல் இந்த ஒழுங்கை விரிவாக எழுதினார், அதனால் இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. சிறுவர் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரும் அவர்தான்.

அப்படியானால் தமிழில் புழங்கும் சொற்களில் இதன் சொந்தக்காரர் உண்டா?

உண்டு, அதுவும் உங்கள் சட்டைப் பையிலேயே.

சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள ‘பத்திரம்’ சமஸ்கிருதப் ‘பத்ர’. அதன் பொருள்: இறக்கை, இறகு, பிறகு இலை, அதற்குப் பிறகு எழுதிய ஏடு. பறத்தலையும் விழுதலையும் குறிக்கும் ‘பத்’ என்ற வேரிலிருந்து அது பிறந்தது. மேலே சொன்ன ‘பெத்’ தான் இது. கோயிலில் ‘வில்வபத்திரம்’ என்றால் வில்வ இலை. இலையில் எழுதியதால் ஆவணமும் பத்திரம், சின்ன ஏடு பத்திரிகை. கலியாணப் பத்திரிகையும் ‘ஃபெதரும்’ ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள்.

அடுத்த சொந்தம் ‘பேனா’. இது போர்த்துக்கேயப் ‘பெனா’. அந்த மொழியில் அதற்கு இறகு என்றும் எழுதுகோல் என்றும் பொருள். அதன் தாய் இலத்தீனின் ‘பென்னா’, அதுவும் ‘பெத்’ வேரின் கிளை. ஆங்கிலத்தின் ‘பென்’ பிரெஞ்சு வழியாக வந்த அதே ‘பென்னா’. ஆக ‘பென்’னும் ‘ஃபெதரும்’ ஆங்கிலத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி: ஒன்று வீட்டில் வளர்ந்தது, மற்றது இலத்தீன் வீட்டில் வளர்ந்து திரும்பி வந்தது.

மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள கோட்டையை நினைத்துக்கொண்டால் இந்த வரலாறு கைக்குள் வந்துவிடும். போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், ‘பெனா’ அவர்கள் சொல். 1638இல் டச்சுக்காரர் பிடித்தார்கள், அவர்கள் சொல் ‘வேர்’. பிறகு ஆங்கிலேயர், ‘ஃபெதர்’. ஒரே சுவருக்குள் மூன்று எசமானர்கள், மூன்று பேர் வாயிலும் ஒரே வேர். அதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே ‘பத்திரம்’ இங்கே வந்து குடியேறிவிட்டது. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் இன்னும் பேசப்படுகிறது என்பதால், இதில் முதல் எசமானரின் குரல் முற்றாக அடங்கிவிடவும் இல்லை.

ஐரோப்பாவில் இறகால் எழுதினார்கள். நம் பக்கம் எழுத்தாணியால் ஓலையில் கீறினார்கள். அங்கே எழுதும் கருவிக்கு இறகின் பெயர், இங்கே எழுதப்படும் ஏட்டுக்கு இலையின் பெயர். ‘பத்ர’ என்ற ஒரே சொல் இறகும் இலையுமாக நடுவில் நிற்கிறது.

‘பத்திரமாகப் போய் வா’ என்பதிலுள்ள பத்திரமும் இதுதானா?

இல்லை. அது ‘பத்ர’ என்ற இன்னொரு வடசொல், மங்கலம், நலம் என்று பொருள். சமஸ்கிருதத்தில் அதன் முதலெழுத்து வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘பாத்திரம்’ மூன்றாவது; குடித்தல் என்ற வேரிலிருந்து வந்தது. கறிச்சட்டிக்கும் இறகுக்கும் சம்பந்தமில்லை.

பென்சில், ஃபாதர், ஹெலிகொப்டர்?

‘பென்சில்’ சொந்தமல்ல. சிறிய வால் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதலில் மெல்லிய தூரிகையைக் குறித்தது. ‘பென்’னோடு ஒலி ஒத்துப்போனது தற்செயல். ‘ஃபாதர்’ சொந்தமல்ல, அது பிதா. ‘ஹெலிகொப்டர்’ நிச்சயமாகச் சொந்தம்: கிரேக்கத்தில் ‘ஹெலிக்ஸ்’ என்றால் சுருள், ‘ப்தெரொன்’ என்றால் இறக்கை. சொல்லை ‘ஹெலி’ என்றும் ‘கொப்டர்’ என்றும் பிரிப்பது பழக்கத்தில் வந்தது. உண்மையான மூட்டு ‘ஹெலிகொ’வுக்கும் ‘ப்டர்’க்கும் இடையில்.

பிளூம், குவில், டவுன் என்று வேறு சொற்களும் இருக்கின்றனவே?

‘பிளூம்’ பெரிய, அலங்காரமான இறகு, தொப்பியில் செருகுவது. வானில் எழும் புகைக்கற்றைக்கும் அதே சொல். ‘குவில்’ என்பது இறகின் அடியிலுள்ள உள்ளீடற்ற தண்டு. அதைச் சீவி எழுதியதால் இறகுப் பேனாவும் ‘குவில்’. முள்ளம்பன்றியின் முள்ளுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். ‘டவுன்’ என்பது மேல் இறகுக்கு அடியில் தோலோடு ஒட்டியிருக்கும் பஞ்சு போன்ற மென்மயிர். வாத்துக் குஞ்சின் உடம்பு முழுக்க அதுதான். கீழே என்று பொருள்படும் ‘டவுன்’ வேறு சொல், எழுத்தும் ஒலியும் மட்டும் ஒன்று.

தமிழ் இந்த விடயத்தில் ஏழையல்ல. ‘டவுன்’ என்பதற்குத் ‘தூவி’ பொருத்தம். வள்ளுவர் அன்னத்தின் தூவியை அனிச்சப் பூவோடு சேர்த்து மென்மைக்கு உவமை சொன்னார். மயிலின் இறகுக்குப் ‘பீலி’. வண்டியின் அச்சை முறிக்கும் அளவுக்குப் பீலி ஏற்றுவதும் குறளில் உண்டு. விரித்த முழுத் தொகுதி ‘தோகை’. மொழிபெயர்ப்பில் எல்லாவற்றுக்கும் ‘இறகு’ என்று ஒரே சொல்லைத் தெளிப்பது நம் சோம்பலே தவிர, மொழியின் குறையல்ல.

மரபுத்தொடர்களை எப்படித் தமிழாக்குவது?

இறகை மறந்துவிட்டுக் கருத்தைப் பிடியுங்கள்.

‘எ ஃபெதர் இன் யோர் கெப்’. ‘அவரது மகுடத்தில் இன்னுமொரு இறகு’ என்று பத்திரிகைகளில் வருகிறது. மகுடத்தில் மணி பதிப்பார்கள், இறகு எதற்கு? தொப்பியில் இறகு செருகுவது வீரத்துக்கு அடையாளமாக இருந்த நாடுகளின் பேச்சு அது. ‘இது அவருக்கு இன்னொரு பெருமை’ என்றால் போதும்.

‘பேர்ட்ஸ் ஒஃப் எ ஃபெதர்’. இங்கே ‘ஃபெதர்’ என்றால் இனம், வகை. ‘இனம் இனத்தோடு, வெள்ளாடு தன்னோடு’ என்ற பழமொழி அப்படியே உட்காரும். ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் கெட்ட சகவாசத்தைக் குத்திக் காட்டவே வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். பரிசளிப்பு விழாவில் நல்ல நண்பர்களைப் பாராட்ட இதைப் பாவித்து மேடையில் சங்கடப்படாதீர்கள்.

‘டு ஃபெதர் வன்ஸ் நெஸ்ட்’. கூட்டுக்கு இறகு போடுவது பறவைக்கு நல்ல வேலை. மனிதனுக்குச் சொல்லும்போது, பதவியில் இருந்துகொண்டு தன் வீட்டை நிரப்புவது. நீதிமன்ற, கணக்காய்வு மொழிபெயர்ப்பில் ‘கூட்டை மெத்தையாக்கினார்’ என்று எழுதினால் குற்றச்சாட்டே காணாமல் போய்விடும். ‘பதவியைக் கொண்டு தன்னை வளப்படுத்திக்கொண்டார்’ என்று நேராக எழுதுங்கள்.

‘டு ரஃபிள் சம்வன்ஸ் ஃபெதர்ஸ்’. அடைக்கோழிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனால் கழுத்து இறகு நிமிர்ந்து, உடம்பு இரண்டு பங்காக உப்பிக் கொத்த வரும். அதுதான் படம். ‘சீண்டிவிட்டார்’, ‘முகம் கோணச் செய்தார்’.

‘வைட் ஃபெதர்’ கோழைத்தனத்தின் அடையாளம். சண்டைச் சேவலின் வாலில் வெள்ளை இறகு தெரிந்தால் அது சாதிச் சேவல் அல்ல, பின்வாங்கும் என்று கோழிச்சண்டைக்காரர் நம்பினார்கள். முதலாம் உலகப் போர் தொடங்கிய 1914 ஓகஸ்டில், இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஒருவர் பெண்களைத் திரட்டி, படையில் சேராமல் சாதாரண உடையில் திரிந்த ஆண்களுக்கு வெள்ளை இறகு கொடுத்து அவமானப்படுத்த வைத்தார். விடுமுறையில் வந்த படைவீரர் கையிலும் அந்த இறகு போய்ச் சேர்ந்ததுதான் அதன் கேவலம்.

‘டார் அண்ட் ஃபெதர்’ உண்மையில் நடந்த தண்டனை. சிலுவைப் போருக்குக் கப்பலில் போகிறவர்களுக்காக முதலாம் ரிச்சர்ட் மன்னன் 1189இல் போட்ட விதியில், திருடினவனின் தலையை மழித்து, கொதிக்கும் கீலை ஊற்றி, தலையணை இறகைக் கொட்டி, கப்பல் தொடும் முதல் கரையில் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறது. இன்று பெரும்பாலும் ‘பகிரங்கமாக அவமானப்படுத்துதல்’ என்ற பொருளில் வரும்.

‘ஃபெதர்வெயிட்’ என்றால் எத்தனை கிலோ?

தொழில்முறைக் குத்துச்சண்டையில் மேலெல்லை 126 பவுண், அதாவது 57.15 கிலோ. கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் அதே பெயர் 145 பவுணுக்கு, ஏறக்குறைய 66 கிலோவுக்கு. எந்த விளையாட்டு என்று கேட்காமல் எண்ணை எழுதாதீர்கள்.

கராஜில் ‘ஃபெதர் பண்ணு’ என்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

பெயின்ட் உடைந்த இடத்தின் ஓரம் படி மாதிரி நிற்கும். அந்தப் படியை, எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்குச் சரித்துத் தேய்ப்பதுதான் ‘ஃபெதரிங்’. இறகின் ஓரம் மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமல் போவதால் இந்தப் பெயர்.

முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, மெழுகையும் எண்ணெயையும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் சாண்ட் பேப்பர் அந்த எண்ணெயை உள்ளே தேய்த்துவிடும். துருவும் தளர்ந்த பெயின்டும் இருந்தால் 80ஆம் நம்பர் பேப்பர். பிறகு 180. இந்தக் கட்டத்தில் ஓரத்தை உற்றுப் பார்த்தால் வளையங்கள் தெரியும்: நடுவில் தகடு, அதைச் சுற்றி பிரைமர் (அடிப்பூச்சு), பிறகு நிறம், வெளியே கிளியர் (நிறமில்லாத மேற்பூச்சு). வளையம் ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றராவது அகலமாக இருந்தால் சரிவு போதும். மயிர் அகலத்தில் நெருங்கி நின்றால் இன்னும் படிதான். கடைசியாக 320. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணை விடக் கை நேர்மையானது. அதற்குமேல் பிரைமர், காய்ந்த பிறகு 400 அல்லது 600 நனைத்துத் தேய்த்து, நிறம்.

எங்கே பிழைக்கிறது? விரல் நுனியால் மட்டும் அமர்த்தித் தேய்த்தால் பள்ளம் விழும், கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். சரிவு போதாமல் பிரைமர் அடித்தால் அன்று நன்றாகத்தான் இருக்கும். சில நாளில் பிரைமர் சுருங்கி, பழைய ஓரம் தேசப்படத்துக் கரையோரம் மாதிரி மேலே தெரியும். மலிவுத் தின்னர் பழைய பெயின்டின் ஓரத்துக்குள் புகுந்து சுருட்டிவிடுவதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், மறுபடி தேய்ப்பது.

கல்லுடைப்பில் ‘பிளக் அண்ட் ஃபெதர்’?

வெடி இல்லாமல் கருங்கல்லை நேர்கோட்டில் பிளக்கும் முறை. ‘பிளக்’ என்பது இரும்பு ஆப்பு. ‘ஃபெதர்’ என்பது அதன் இரு பக்கமும் துளைக்குள் இறங்கும் மெல்லிய இரும்புத் தகடுகள். மேல்முனை வெளிப்பக்கம் மடிந்து காது மாதிரி இருக்கும், உள்ளே விழாமல் இருப்பதற்கு.

கல்லின் மேல் கோடு போட்டு, 10 முதல் 15 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகத் துளை போட வேண்டும். துளைக்குள் தூள் இருந்தால் ஊதி எடுங்கள். துளை ஒவ்வொன்றிலும் ஒரு சோடித் தகட்டை, கோட்டின் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக நிறுத்த வேண்டும். இதைத் திருப்பி வைத்தால் விசை கோட்டின் வழியே போய், கல் குறுக்கே வெடிக்கும். நடுவில் ஆப்பை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒவ்வொன்றாக லேசாகத் தட்டிக்கொண்டே போய், மறுபடி தொடக்கத்துக்கு வர வேண்டும். சுற்றுக்குச் சுற்று ஆப்பின் சத்தம் உயர்ந்துகொண்டே போகும். சத்தம் கணீரென்று இறுகியதும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். கல்லுக்குள் விரிசல் தானே நடக்கும். அவசரக்காரருக்கு இந்த இடம்தான் கஷ்டம். ஒரே ஆப்பை ஓங்கி அடித்தால் விரிசல் அங்கிருந்து பலவீனமான பக்கத்துக்குத் திரும்பி ஓடிவிடும். கல்லின் ஓரத்துக்கு மிகக் கிட்ட கோடு போட்டாலும் அப்படித்தான், நேராக இறங்காமல் வெளியே சரியும். கண்ணாடி போடாமல் கிட்ட நிற்கக் கூடாது.

மொழிபெயர்ப்பில் ‘ஆப்பும் பக்கத் தகடும்’ என்று எழுதலாம். ‘இறகு’ வேண்டாம்.

ஸ்டூடியோவில், படம் வெட்டும்போது வரும் ‘ஃபெதர்’?

தெரிவு செய்த பகுதியின் ஓரத்தை மென்மையாக்கும் கட்டளை, அளவு பிக்சலில். அச்சுக்குப் போகும் 300 டீபீஐ படத்தில் ஒருவரின் தலை மட்டும் வெட்டி மரண அறிவித்தலுக்கு வைப்பதானால் 1 முதல் 3 வரை போதும். 20, 30 கொடுத்தால் காது புகைக்குள் கரைந்துவிடும். தலையைச் சுற்றி வெள்ளை வளையம் வருகிறது என்பதுதான் அதிகம் வரும் முறைப்பாடு. காரணம், மென்மையாகும் ஓரத்தில் பழைய பின்னணியின் நிறமும் பாதி சேர்ந்து வருகிறது. முதலில் தெரிவை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே சுருக்கி, அதன் பிறகு ‘ஃபெதர்’ கொடுத்தால் வளையம் மறையும்.

துடுப்பையும் விமானத்தையும் ‘ஃபெதர்’ செய்வது?

இரண்டும் ஒரே வேலை: தட்டையான பக்கத்தைக் காற்றுக்குக் காட்டாமல் ஓரத்தைக் காட்டுவது. வாவியில் எதிரே கச்சான் காற்று அடிக்கும்போது, துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் மணிக்கட்டைத் திருப்பி அலகைப் படுக்கையாக்கினால் காற்று பிடிக்காது. விமானத்தில் ஒரு இயந்திரம் நின்றுபோனால், சுழலாத விசிறியின் அலகுகள் சுவர் மாதிரிக் காற்றை மறித்து விமானத்தை அந்தப் பக்கம் இழுக்கும். விமானி அலகுகளை ஓரம் முன்னே வரும்படி திருப்பிவிடுவார். துடுப்புக்கு ‘அலகைச் சாய்த்தல்’, விமானத்துக்கு ‘அலகைக் காற்றோட்டத்துக்கு நேராக்குதல்’ என்று எழுதினால் விளங்கும்.

பட்மின்டனில் ‘ஃபெதர்’ ஏன் இவ்வளவு விரைவாக உடைகிறது?

இறகுப் பந்தில் 16 இறகுகள்; எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை. வாத்தின் அல்லது பெருவாத்தின் இறக்கை இறகுகள். ஒரு பந்தில் எல்லாம் ஒரே பக்க இறக்கையிலிருந்து வரவேண்டும், அப்போதுதான் ஒரே திசைக்குச் சுழலும். இறகு நகத்தின் இனத்தைச் சேர்ந்த புரதம்; காய்ந்தால் நொறுங்கும். கச்சான் காலத்தில் உடைவது கூடுவதற்குக் காரணம் அதுதான். விளையாடுவதற்குச் சில மணித்தியாலம் முன், பந்துகள் அடுக்கியிருக்கும் குழாயின் இரு மூடியையும் திறந்து, கொதிக்கும் கேத்தலின் ஆவியைச் சில விநாடி உள்ளே விட்டு மூடி வைப்பார்கள். கூடினால் ஒட்டிய பசை இளகி, தண்டு வளையும். தக்கைப் பக்கம் நனையக் கூடாது.

வேகமும் முக்கியம். வெப்பக் காற்று இலேசானது, பந்து தூரம் போகும். ஆகவே கடலோர வெயிலுக்கு மெதுவான பந்து, வேக எண் 76 அல்லது அதற்குக் கீழானது, வாங்குங்கள். சோதிப்பதற்குப் பின்கோட்டில் நின்று கீழிருந்து முழுவீச்சில் அடியுங்கள். எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்ரிமீற்றர் உள்ளே விழுந்தால் சரியான பந்து.

மயிலிறகை ‘டெயில் ஃபெதர்’ என்று எழுதலாமா?

பேச்சில் எழுதுகிறார்கள், அறிவியலில் பிழை. பொத்துவில், பாணமை, குமண பக்கம் மயில் தோகை விரித்து நிற்கும்போது பின்னால் போய்ப் பாருங்கள். கட்டையான, மண்ணிறமான 20 இறகுகள் முட்டுக்கொடுத்தது போல நிற்கும். அவைதான் வால். நாம் அள்ளி வைக்கும் நீண்ட கண்ணிறகுகள் வாலின் மேற்புறத்தை மூடும் இறகுகள், 150 முதல் 200 வரை. அந்தத் தொகுதிக்கு ஆங்கிலத்தில் ‘டிரெய்ன்’ என்று பெயர். வருடத்துக்கு ஒருமுறை தானாக உதிரும்.

அதன் நீலம் சாயமல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது தோன்றுகிற நிறம். ஒரு துண்டைக் கல்லில் வைத்து நன்றாக அரைத்துப் பாருங்கள். அடுக்குக் குலைந்ததும் நீலமும் பச்சையும் போய், கையில் கரும்மண்ணிறத் தூள் மட்டும் ஒட்டும்.